நகப்பூச்சும் நடவு வயலும்

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவி)

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவையில் கேட்டபோது, 'மகளிர் முன்னேற்றம்', 'நீர் மேலாண்மை' என்று எழுதுவேன் என்றுதான் தோழிகள் நினைத்தார்கள். நகப்பாலீஷைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் விடுதி அறையே சிரித்தது. சிரிக்கட்டும். நகத்தில் ஒரு வாரம் உதிராமல் நிற்கிற பாலீஷ் எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

எங்கள் ஊர் அம்மாபேட்டைப் பக்கம். சொந்த நிலம் கிடையாது. அப்பா நாற்று பறிப்பார். அம்மா நடவுக்கும் களைக்கும் போவாள். நடவு இயந்திரம் வந்து எத்தனையோ வருஷமாச்சே என்று எங்கள் துறை நண்பர்கள் கேட்பார்கள். வந்தாச்சு. ஆனால் இயந்திரம் இறங்க முடியாத சேறும் அது விட்டுப்போகிற மூலையும் இன்னும் இருக்கிறதே, அங்கெல்லாம் கைதான். இடது கையில் நாற்று முடி. வலது கைக் கட்டைவிரலும் இரண்டு விரலும் நாற்றைப் பிரித்துச் சேற்றுக்குள் குத்தும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவையோ, யாரும் எண்ணியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வருமானச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அம்மாவுக்குக் கைநாட்டுதான். மை தடவப் போனவர் விரலைப் பார்த்துவிட்டு, "கையக் கழுவிட்டு வாம்மா" என்றார். அம்மா குழாயடிக்குப் போய், கிடந்த செங்கல் துண்டை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். நகம் அதே நிறம்தான். அது அழுக்கு இல்லை, வருஷக்கணக்காக நகத்தில் ஊறிய வயல். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அதிலிருந்து வெளியாட்கள் யார் எதிரே நின்றாலும் அம்மாவின் கை முந்தானைக்குள் போய்விடும். விடுதிக்கு முறுக்கு கொண்டுவந்தால்கூட முந்தானையோடு சேர்த்துத்தான் நீட்டுவாள்.

போன ஐப்பசியில் அத்தை மகளுக்குக் கல்யாணம். சீர்த்தட்டு தூக்குகிறவர்களில் அம்மாவும் ஒருத்தி. ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெதுவாகக் கேட்டாள்: "ஏண்டி, அந்த நகப்பாலீஸு இருக்கே, ஒரு வாரம் நிக்கிற மாதிரி போட முடியுமா?"

"கல்யாணத்துக்கு முதநாள் போட்டுக்கயேம்மா."

"முதநாளும் தாளடி நடவு இருக்கு. வந்து ஒக்காந்து போட நேரம் ஏது?"

கூலியை விட முடியாது. மருதாணி வை என்றேன். அம்மா சிரித்தாள். "என் நகத்துல மருதாணி வச்சா யாருக்குத் தெரியும்?" பழுப்பின் மேல் ஆரஞ்சு, வாஸ்தவம்தான். உழைப்பைப் பொறுத்தவரை மருதாணிக்கு ஈடு கிடையாது. இலையில் இருக்கிற லாசோன் என்ற சாயம் நகத்தின் கெரட்டினோடு சேர்ந்துவிடும். புளி, எலுமிச்சை என்று புளிப்பு சேர்த்து அரைக்கிறார்களே, அந்தப் புளிப்பில்தான் சாயம் நன்றாக வெளிவரும். மேலே ஏடு எதுவும் இல்லாததால் உரிய ஒன்றுமில்லை. நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அப்படி வளர்ந்து வெட்டினால்தான் போகும். பாலீஷ் வேறு ஜாதி. அது பெயிண்ட்.

பெயிண்ட் என்றதும் எனக்கு முதலாமாண்டு வேதியியல் ஞாபகம் வந்தது. ஏடாகப் படிகிற பொருள், நிறமி, கரைப்பான், நெகிழ்வு கொடுக்கிற பொருள் என்று மனப்பாடம் செய்தோமே, அத்தனையும் அந்தச் சின்னக் குப்பிக்குள் இருக்கிறது. ஏடாகப் படிவது நைட்ரோசெல்லுலோஸ். 1846-ல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் வெடிபஞ்சாகக் கண்டுபிடித்த அதே பொருள் 1920-களில் அமெரிக்காவில் கார்களுக்கு வேகமாய்க் காயும் பெயிண்டாயிற்று. பிறகு நகத்துக்கும் வந்தது. நம் நாட்டில் 1952-ல் டாடா தொடங்கிய லக்மேயின் பெயர்கூட ஒரு பிரெஞ்சு இசை நாடகத்திலிருந்து வந்தது. அதற்கு மூலம் நம் லட்சுமிதானாம். அம்மாவிடம் சொன்னேன். "பேரு நல்லாத்தான் இருக்கு, வெலையச் சொல்லு" என்றாள்.

கீழவாசல் பேன்சி ஸ்டோரில் சிவப்பு ஒன்று, நிறமில்லாதது ஒன்று, அழிக்கிற திரவம் ஒன்று வாங்கினேன். முதல் சோதனை என் கையில். இடது கையில் தடிப்பாக ஒரே பூச்சு. வலது கையில் மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடியும் மெல்லிசாக. விடுதியில் துணி துவைத்ததில் இடது கை இரண்டே நாளில் செதில் செதிலாகக் கழன்றது. வலது கை ஆறு நாள் நின்றது. தடிப்பான பூச்சு மேலே காய்ந்த மாதிரி இருக்கும். உள்ளே கரைப்பான் மாட்டிக்கொண்டு இளகியே கிடக்கும். மெல்லிசு என்றால் சீராகக் காயும்.

இன்னொன்றும் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். துரு எடுக்காமல் பெயிண்ட் அடிக்காதே என்று பாடம் படித்தவள் இல்லையா, பட்டறை எமரித் தாளால் மோதிர விரல் நகத்தைத் தேய்த்தேன். பத்து நாள் எரிந்தது. இரும்பு வேறு, நகம் வேறு.

நகத்துக்கு வேண்டியது எண்ணெய் போவதும் ஈரம் போவதும்தான். நகம் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். உப்பின நகத்தில் பூசினால், அது சுருங்கும்போது பூச்சு பிடிப்பை விட்டுவிடும். அதனால் கையை ஊறவைத்துப் பூசக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, அரைமணி நேரமாவது காயவிட்டு, அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டு வெறும் நகத்தைத் துடைக்க வேண்டும். பிறகு நிறமில்லாதது ஒன்று, சிவப்பு இரண்டு, கடைசியில் நிறமில்லாதது ஒன்று. ஒவ்வொரு தடவையும் பிரஷ்ஷை நகத்தின் முனை விளிம்பிலும் ஓட்ட வேண்டும். முதலில் பெயர்வது அங்கேதான். தோலில் பட்டாலும் அங்கிருந்து கிளம்பும். அன்றைக்கு ராத்திரி கை வெந்நீரில் படக்கூடாது.

இதையெல்லாம் படித்துக்கொண்டு, கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் அம்மா கையைப் பிடித்தேன். பாத்திரமெல்லாம் கழுவி முடித்து, அம்மா பல்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அம்மா கையை அவ்வளவு நேரம், அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. வலது கட்டைவிரல் நகத்தைச் சுற்றி வீங்கிச் சிவந்திருந்தது. ஓரத்தில் தோல் விட்டிருந்தது.

"எவ்வளவு நாளாம்மா?"

"நகச்சுத்துதான். நடவு முடிஞ்சா அதுவா போயிடும்."

பாலீஷ் குப்பியை மூடிவிட்டேன். மறுநாள் நான் கல்லூரிக்குப் போகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் மருந்து கொடுத்து, "கை ஈரமில்லாம பாத்துக்கங்க" என்றார். அம்மா பவ்யமாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும் சிரிப்பு பொறுக்கவில்லை அவளுக்கு. "தஞ்சாவூர் ஜில்லாவுல ஈரமில்லாத வயல்ல எங்கடி நடுறது?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பஸ் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் எந்த விரலிலிருந்து வருகிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ரெண்டு நாள் நடவுக்குப் போகாதே என்று சண்டை போட்டேன். ஒரு நாள் நின்றாள்.

அன்று ராத்திரி ஒன்பது விரலுக்குப் பூசினேன். புண்ணான விரலில் பாலீஷ் பட்டால் எரியும், அதனால் அதை விட்டுவிட்டேன். அதன் பிறகு மூன்று நாள் சேறு. நாற்று முடி பிடித்த இடது கை அப்படியே நின்றது. வலது கையில் முனைகள் மட்டும் தேய்ந்திருந்தன, உரியவில்லை. முதல்நாள் ராத்திரி கால்மணி நேரத்தில் முனைகளை மட்டும் ஒட்டிக் கொடுத்தேன்.

கல்யாணத்தில் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் வெளியே விட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர், "கட்டைவெரலுக்கு மட்டும் போடலியா?" என்று கேட்டார். "அது இன்னும் வயல்லதான் இருக்கு" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் களைக்குப் போகுமுன் அழித்துவிடலாம் என்று பஞ்சும் திரவமும் எடுத்து வந்தேன். அம்மா கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். "காசு குடுத்துப் போட்டத காசு குடுத்து அழிக்கிறதா? போடி."