மலையைப் பார்க்காதீர்கள், அடிவாரத்தைப் பாருங்கள்!

"உங்களுக்கு இப்போது சுகமா? வருத்தம் கடுமையா?"

மகனின் வகுப்பு ஆசிரியை தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. 2018-ஆம் ஆண்டு தை மாதம். பேர்ண் நகரத்தில், எங்கள் நாலாம் மாடி வீட்டின் குசினியில், புட்டுக்கு மா குழைத்த கையோடு நின்றேன். எனக்கென்ன வருத்தம்? ஒரு தடிமன்கூட இல்லையே! தெரிந்த அரைகுறை ஜெர்மன் மொழியில், "நான் நல்ல சுகம்" என்றேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு கிழமை பனிச்சறுக்கு முகாமுக்குப் போகிறார்களாம். 'அம்மாவுக்குச் சுகமில்லை, தங்கச்சியை நான்தான் பார்க்க வேண்டும், அதனால் வரமாட்டேன்' என்று என் பத்து வயது மகன் சொல்லியிருக்கிறான்! முகாம் கடிதம் அவன் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடந்தது.

பள்ளிக்கூடத்தால் வந்தவனைப் பிடித்து இருத்தி, "ஏனடா பொய் சொன்னனீ?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாருக்கும் நாலு வயதிலேயே ஸ்கீ தெரியும் அம்மா. எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நீங்கள்தானே சொன்னனீங்கள், எங்கட ஆக்களுக்கு இது என்னத்துக்கு, காலை உடைக்கவோ எண்டு" என்றான்.

சகோதரிகளே, அந்த வார்த்தை என்னுடையதேதான். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, 2003-இல் கல்யாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்தவள். பனி என்றால் எனக்கு இன்றைக்கும் பயம். வந்த முதல் வருடமே பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்து கை மணிக்கட்டு வீங்கியவள். என் பயத்தை நான் சோற்றோடு சேர்த்துப் பிள்ளைக்கும் ஊட்டிவிட்டேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

எவ்வளவு சொல்லியும் அவன் முகாமுக்கு மறுத்துவிட்டான். வகுப்பு முழுவதும் மலைக்குப் போக, அந்தக் கிழமை இவன் வேறொரு வகுப்பில் போய் இருந்துவிட்டு வந்தான். போனவர்கள் திரும்பி வந்து ஒரு மாதம் அதே கதைதானாம். இவன் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தானாம்.

காசைச் சாட்டவும் எனக்கு வழி இல்லை. 2017 டிசம்பரில் சுவிஸ் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்திருந்தது. கட்டாயமான பள்ளி முகாமுக்குப் பெற்றோரிடம் பிள்ளையின் சாப்பாட்டுச் செலவை மட்டுமே கேட்கலாம், அதுவும் வயதைப் பொறுத்து ஒரு நாளைக்கு 10 முதல் 16 பிராங்குக்குள் என்பதுதான் அது. ஆகக் குறை காசில் இல்லை, பழக்கத்தில்தான். முகாமுக்கு முன் எங்காவது கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டால் சரி என்று முடிவு செய்தோம்.

இங்கேதான் நான் முதல் பிழையை விட்டேன். மாசியில், என் கணவர் உணவகச் சமையலில் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். "இஞ்சருங்கோ, எங்கே போவம்?" என்று கேட்டு, இருவருமாகப் படங்களைப் பார்த்தோம். எந்த மலை பெரிது, எந்த ஊரின் பேர் எல்லோர் வாயிலும் வருகிறது என்று பார்த்தோமே ஒழிய, பிள்ளைக்கு அங்கே யார் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று பார்க்கவில்லை. சேலைக் கடையில் கரையை மட்டும் பார்த்துவிட்டு, உடல் கிழிசலாக இருப்பதைக் கவனிக்காமல் வாங்கி வந்த கதைதான்!

ஊர் பேரை விடுங்கள். போய் இறங்கினால், பத்து வயதுப் பையனை நாலு வயதுக் குழந்தைகளோடு ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு நடுவில் இவன் பனைமரம் மாதிரி நின்றான். ஒரு ஆசிரியருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். பழகும் இடத்துக்குக் குறுக்காலேயே பெரிய ஆட்கள் வேகமாகச் சறுக்கிப் போனார்கள். சப்பாத்து அவன் காலுக்குப் பெரிது. குளிருக்குப் பயந்து இரண்டு சோடி கம்பளிக் காலுறை போட்டு அனுப்பியதும் நான்தான். ஒரு மணித்தியாலத்தில் விறைத்த காலும் நனைந்த கையுறையுமாக வந்து, "வீட்டை போவம் அம்மா" என்றான். இரண்டாம் நாள் காசு வீண்.

கீழ்வீட்டில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு சுவிஸ் அம்மா இருந்தார். மலைக் கிராமத்தில் பிறந்தவர். உடுப்புத் தோய்க்கும் அறையில் அவரிடம் இதைச் சொல்லி அழாத குறை. அவர் சிரித்துவிட்டு, "பிள்ளைகளோடு போகிறவள் மலை உச்சியைப் பார்க்கக்கூடாது. அடிவாரத்தைப் பார்க்க வேண்டும். விழுகிற பிள்ளை எங்கே விழும், அதை யார் தூக்கிவிடுவார் என்று பார்" என்றார். பிறகு கேட்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் வீட்டுச் சாமான் சிட்டையின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த குளிர்காலம் வருமுன் நான் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கே ஆச்சரியம். அதுவரை டாக்டரிடமோ கந்தோரிலோ எனக்காகப் பேசியது என் மகன்தான். இந்த முறை அவன் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து, சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நானே நாலு ஊர்களின் ஸ்கீ பாடசாலைகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் முறை நாக்கு ஒட்டிக்கொண்டது. நாலாவது முறை பரவாயில்லை. அவர்கள் ஒருவரும் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

நான் கேட்டவை இவைதான். பெரிய பிள்ளைக்குத் தொடக்க வகுப்புத் தனியே உண்டா? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? பழகும் இடம் மற்றவர்கள் சறுக்கும் பாதையிலிருந்து வேலி போட்டுப் பிரிக்கப்பட்டதா? மேலே ஏறுவதற்குத் தரையோடு நகரும் பட்டி இருக்கிறதா? 'மந்திரக் கம்பளம்' என்று அதற்குப் பெயர். பிள்ளை அதில் ஏறி நின்றாலே போதும், கொண்டுபோய் மேலே விட்டுவிடும். கயிற்றைப் பிடித்து இழுபட்டு ஏறும் சங்கடம் இல்லை. பெற்றோர் சூடாக இருந்து பார்க்க இடமும், அருகிலேயே கழிப்பறையும் உண்டா? கார் இல்லாமல் வந்து சேரலாமா?

எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்ற பதில் வந்தது ஹாஸ்லிபெர்க்கில் இருந்து. பேர்ணில் றெயின் ஏறி, இன்டர்லாக்கனில் மாறி, மைரிங்கன் போய், அங்கிருந்து கேபிள் காரில் மேலே ஏற வேண்டும். எங்களிடம் கார் இல்லை; ஐந்து வயது மகளுக்கு ரிக்கற்றும் தேவையில்லை. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சுவிஸ் றெயினில் இலவசம். மலையில் பிட்மி என்ற இடத்தில் 'ஸ்கீஹேஸ்லிலாண்ட்' என்று பிள்ளைகளுக்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். முயல்குட்டிகளின் நாடு என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

2019 மாசி விடுமுறையில், திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் வகுப்பில் இருவரையும் சேர்த்தோம். விடுமுறைக் கிழமை என்பதால் வயதுக்கு ஏற்றபடி குழுக்கள் பிரித்திருந்தார்கள். இவன் குழுவில் இவனைப்போலவே முதன்முறை ஸ்கீ போடும் பெரிய பிள்ளைகள் ஐந்து பேர். 'நான் மட்டும்தான்' என்ற அந்த எண்ணம் முதல் நாளே போய்விட்டது. பாதி வெற்றி அதுதான்.

சொல்லிக்கொடுக்கும் முறையும் எனக்குப் பிடித்தது. சறுக்குப் பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். பிட்சாத் துண்டின் வடிவம் வருகிறதல்லவா? அதனால் பிள்ளைகளுக்கு அதன் பெயர் 'பிட்சா'. இரண்டையும் நேராக வைத்தால் வேகம் கூடும். அது 'பொம் ஃபிரிட்', அதாவது பொரித்த உருளைக்கிழங்குத் துண்டு! நின்று பழகுவது முதல் பாடம், ஓடுவது பிறகு. சுவிஸ் ஸ்கீ பாடசாலைகளில் நீலம், சிவப்பு, கறுப்பு என்று படிகள் வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் 'நீல இளவரசன்', அடுத்தது 'நீல அரசன்', பிறகு 'நீல நட்சத்திரம்'. வேறு ஊருக்குப் போனாலும் எந்தப் படியில் நிற்கிறான் என்று சொன்னால் அங்கிருந்து தொடரலாம். ஸ்னோலி என்ற வெள்ளை முயல் பொம்மை வேறு. என் மகள் அதன் பின்னாலேயே திரிந்தாள்.

மூன்றாம் நாள் அவன் தலைகுப்புற விழுந்தான். நான் வாங்கில் இருந்து எழும்பி ஓடப் போனேன். இவர் என் கையைப் பிடித்து, "இரும். அவன் எழும்பட்டும்" என்றார். ஆசிரியை பக்கத்தில் போய்த் தூக்கவில்லை. பலகையைச் சரிவுக்குக் குறுக்காக வை, கையை ஊன்று, எழும்பு என்று சொல்லிக்கொண்டு நின்றார். அவன் எழும்பினான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் நெஞ்சு அடித்த அடி எனக்குத்தான் தெரியும். பிள்ளை நடை பழகிய நாளில்கூட நான் கையை விட்டதில்லை. அன்றைக்குத்தான் விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு சின்ன ஓட்டப்போட்டி, எல்லோருக்கும் பதக்கம். அடுத்த மாதம் பங்குனியில் வகுப்பு முகாமுக்குப் பையைத் தானே அடுக்கினான். வகுப்பில் அவன்தான் மெதுவாகச் சறுக்கியவனாம். "பரவாயில்லை அம்மா, கடைசியாய் வாறவனுக்கும் சூப் குடுத்தவை" என்றான்!

இப்படிக் குளிர் நாட்டில் பிள்ளை வளர்க்கும் சகோதரிகளுக்கும், அங்கே மகளையோ தங்கையையோ அனுப்பிவைத்தவர்களுக்கும் என் அனுபவத்தில் சில வார்த்தைகள்:

சப்பாத்து காலுக்கு அளவாக இருக்க வேண்டும். அடுத்த வருடத்துக்கும் உதவட்டும் என்று பெரிதாக எடுக்காதீர்கள். காலுறை ஒரு சோடி போதும். இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் இறுகி, கால் கூடுதலாக விறைக்கும். பழகும் பிள்ளைக்குப் பலகை நெஞ்சுக்கும் நாடிக்கும் இடைப்பட்ட உயரம் இருந்தால் திருப்பச் சுகம். புதிதாக வாங்காமல், கடையில் குளிர்காலம் முழுவதற்கும் வாடகைக்கு எடுங்கள், பிள்ளை வளர்ந்துவிடும். விழும்போது பலகை கழன்றுவிட வேண்டும். அந்தப் பிடியை உங்கள் கையால் திருகாதீர்கள். பிள்ளையின் எடை, உயரம் பார்த்துக் கடைக்காரரே சரிசெய்யட்டும். தலைக்கவசம் இல்லாமல் விடவே கூடாது.

எங்கள் கறுத்தத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நானும் நினைத்திருந்தேன். மலையில் 1000 மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். முதல் நாள் மாலை என் மூக்கு உரிந்தது! முகத்துக்கு வெயில் கிரீமும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் பிள்ளைக்கு அவசியம். இடைவேளையில் குடிக்க ஒரு போத்தல் சூடான தேத்தண்ணி கொண்டுபோனால் காசும் மிச்சம்.

பிள்ளைக்கு ஒரு விதியை மட்டும் மனப்பாடமாக்குங்கள்: முன்னால் போகிறவருக்கே முதலிடம், பின்னால் வருகிறவர்தான் விலக வேண்டும். காலை இரண்டு மணித்தியால வகுப்பு சின்னப் பிள்ளைக்குத் தாராளம். களைத்த பிள்ளையை, காசு கட்டியாயிற்றே என்று பின்னேரமும் அனுப்பாதீர்கள்.

இன்று என் மகன் என்னைவிட ஒரு முழம் உயரம். மகளுக்கு அவன்தான் சிவப்புப் பாதை பழக்கினான். அவள் வேகமாக வரும்போது, "பிட்சா! பிட்சா!" என்று மலை அதிரக் கத்துவான். நான் இன்றைக்கும் அடிவாரத்து வாங்கில்தான். ஆனால் போன குளிர்காலம் கீழ்மாடிக்குப் புதிதாக வந்த ஒரு தமிழ்ப் பெண், "அக்கா, பள்ளிக்கூட முகாமாம், பிள்ளைக்குப் பயமாக் கிடக்காம்" என்று வந்து நின்றாள். அலுமாரியைத் திறந்து அந்தப் பழைய சிட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"நீரே ரெலிபோன் எடும். பிள்ளையைக் கொண்டு கேட்பிக்காதையும்" என்றும் சொன்னேன்.