கோழி ஷெட்டில் ஒரு ராக் ஆல்பம்

மக்களே, இந்த முறை ஒரு பாட்டுப் பதிவு. சினிமாப் பாட்டு இல்லை, அதனால் பாதிப் பேர் இப்பவே ஓடிவிடலாம் :-)

சென்னையில் 'எஃப்16ஸ்' என்று ஒரு ராக் பேண்ட். 2012-ல் ஆரம்பித்தவர்கள். பாடுவது இங்கிலீஷில். கிட்டாருக்குச் சமமாக சிந்தசைசரும் ஓடிக்கொண்டே இருக்கும். 2016-ல் 'ட்ரிக்கர்புங்க்டே' என்று முழு ஆல்பம், 2019-ல் 'வீக்கெண்ட் ஃப்ரெண்ட்ஸ்' (தலைப்பில் உயிரெழுத்தையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள், நம்ம கிளாஸ் வாட்ஸப் குரூப் மாதிரி). நான் சொல்ல வந்தது 2021-ல் வந்த குட்டி ஆல்பத்தைப் பற்றி. பெயர் 'இஸ் இட் டைம் டு ஈட் த ரிச் யெட்?' பணக்காரர்களைத் தின்கிற நேரம் வந்துவிட்டதா என்று கேள்வி. ரூஸோ சொன்னதாகப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலிருந்து வழங்கிவருகிற பேச்சு.

முதல் தடவை நாமக்கல்-சேலம் பஸ்ஸில் கேட்டேன். மல்லூர் வருவதற்குள் முடிந்துவிட்டது. வரிகள் பாதி புரியவில்லை. ஆனால் மெட்டு காதைவிட்டுப் போகவில்லை. கூட்டமாக பீச்சுக்குக் கிளம்புகிற மாதிரி குஷியான இசை, உள்ளே போய்ப் பார்த்தால் அத்தனையும் வயிற்றெரிச்சல். அதுதான் இந்த ஆல்பத்தின் குசும்பு.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இவ்வளவு சரளமாக இங்கிலீஷ் வருகிற சிட்டிப் பசங்களுக்குப் பணக்காரன்மேல் என்ன கோபம்? செமினாரில் 'டெப்ரிசியேஷன்' என்று சொல்லவே நாக்கு தடுமாறுகிற எனக்கல்லவா வரவேண்டும்!

எங்கள் வீட்டில் முட்டைக்கோழிப் பண்ணை. 2020 மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று வதந்தி பரவியது ஞாபகம் இருக்கிறதா? முட்டை விலை படுத்துவிட்டது. கோழிக்கு அது தெரியுமா, அது பாட்டுக்குத் தீவனம் தின்றது, முட்டை போட்டது. அந்த வருஷம்தான் இரண்டு ஷெட்டில் ஒன்றைக் காலி செய்தோம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் எனக்கு நல்ல மார்க். ஆனால் தன் சரக்குக்குத் தானே விலை சொல்ல முடியாதவன் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

போன லீவில் ஷெட் ஸ்பீக்கரில் இதைப் போட்டேன். திடீர்ச் சத்தத்துக்குக் கோழி மிரளாமல் இருக்க அங்கே எப்பவும் எஃப்எம் ஓடும், அதற்குப் பதில் இது. முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"என்ன பாட்டு கண்ணு இது?"

"பணக்காரனத் திங்கற நேரம் வந்துருச்சான்னு கேக்கறாங்கப்பா."

"மொதல்ல முட்டையத் திங்கச் சொல்லு. வெல ஏறட்டும்."

சிரித்துச் சிரித்து ஒரு அட்டை முட்டையைக் கீழே போடப் பார்த்தேன். பாட்டு எழுதியவர்கள் இருந்திருந்தால் அவர்களும் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். பஸ்ஸில் வந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. கோழிகள் ஒன்றும் மிரளவில்லை.

சாயங்காலம் போனில் மறுநாள் விலை வந்தது. அஞ்சு காசு இறக்கம். அப்பா கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த இங்கிலீஷ் பாட்ட இன்னொருக்கா போடு" என்றார்.