ஐந்தருவி கற்பிக்கும் கணக்கு

குற்றாலத்து ஐந்தருவியைக் காணாதார் தென்காசிப் பக்கத்தில் அரியர். ஒன்றாய் வரும் நீர் பாறையில் ஐந்தாய்ப் பிரிந்து வீழ்கின்றது. கிளை ஐந்தாயினமையால் நீரும் ஐந்து மடங்காயிற்று என்று எவரும் எண்ணார். ஆயினும் கணிப்பொறித் துறையில் கற்றோரும் அவ்வாறு எண்ணுதலை நாம் கண்டதுண்டு.

சர்வர் என்றவுடன் காப்பிக்கடையை நினைத்தல் வேண்டா. கேட்டதைக் கொணர்ந்து தரும் தொழில் இரண்டிற்கும் ஒன்றே எனினும், நாம் கூறுவது கணிப்பொறியை. ஒரே இயந்திரத்தினுள் பல சர்வர்களைத் தனித்தனியே இருப்பனபோல் இயங்கச் செய்தலை மெய்நிகராக்கம் என்பர். 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் பெருங்கணிப்பொறிகளில் தொடங்கிய இம்முறை இன்று எங்கும் பரவியுள்ளது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் ஸோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, இத்தகைய இயந்திரங்களைக் கண்காணிக்கும் மென்பொருளை ஆக்கி விற்கின்றது.

நாம் அறிந்த ஓர் அலுவலகத்தில் ஐந்து பழைய சர்வர்களை ஒன்றனுள் அடக்கினர். செயலியையும் நினைவகத்தையும் அளந்தவர்கள் வட்டை அளந்திலர். ஏழை மாணவர்க்குரிய உதவித்தொகைப் பட்டியலை அனுப்பவேண்டிய இறுதி நாளன்று யாவும் நின்றவாறே நின்றன. செயலியோ பெரும்பாலும் வேலையின்றி இருந்தது. நள்ளிரவிற்குச் சற்று முன்னரே பட்டியல் சென்றது. அதுவரை நாம் பட்ட கவலை சிறிதன்று.

காரணம் எளிய கணக்கே. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி கொள்ளும். வேண்டிய இடம் முனையின்கீழ் வரச் சராசரியாக அதிற் பாதியும், முனை நகர மேலும் 8 மில்லி விநாடியும் ஆம். எனவே விநாடிக்குச் சுமார் 80 வேலைகளே நடைபெறும். ஐந்து சர்வர்களும் தலைக்கு 40 கேட்பின் 200 ஆகிவிடும். அன்றியும், தனித்தனியே வரிசையாகப் படிப்பன ஒருங்கு கலக்குங்கால் வரிசை கெட்டு, முனை அங்குமிங்கும் அலைய நேர்கின்றது.

இடைத்தேக்க நினைவகம் உதவாதோ எனின், உதவும். பேரருவியின் நீர் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் வீழ்ந்து வேகந் தணிந்த பின்னரே நம் தலைமேல் விழுகின்றது. ஆனால் வெள்ளம் பெருகிய நாளில் அப்பள்ளமும் போதாது. குளிக்கத் தடை விதிக்கின்றனர். இடைத்தேக்கமும் அத்தகையதே; நிரம்பியபின் வட்டின் வேகமே வேகம்.

ஆதலின் திட்டமிடுவோர், மாதக் கடைசியும் உட்பட, வட்டின் வேலையைப் பல நாள் அளத்தல் வேண்டும். சராசரியை விட்டு உச்சத்தை நோக்குக. நகலெடுக்கும் நேரங்கள் ஒன்றோடொன்று மோதாமல் அமைக்க. தரவுத்தளத்திற்குச் சுழலாத ஃபிளாஷ் வட்டைத் தனியே அளிக்க. அது விநாடிக்குப் பல்லாயிரம் வேலை செய்யும். அதற்கும் அடங்காததைத் தனி இயந்திரத்திலேயே விடுதல் நன்று.

மாணவ நண்பர்காள்! உம்மிற் பலர் நாளை இத்தொழில் புகுவீர். இயந்திரத்தின் எண்ணிக்கையைக் குறைத்துப் பணம் மிச்சமாயிற்று என்று பிறர் மகிழும்பொழுது, வட்டை அளந்தீர்களா என்று பணிவுடன் கேளுங்கள். அக்கேள்வியால் ஒரு மாணவனின் உதவித்தொகை உரிய நாளில் வந்து சேரக்கூடும்.