வேலியில் பூக்கும் பாடம்

எலப்புள்ளிப் பக்கத்துக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு பெயர் தெரியும். அந்தப் பூ எப்படிக் காயாகிறது என்பதைக் காட்ட ஒரு படப் புத்தகம் போதும். ஆனால் அதை எந்த நேரத்தில் திறப்பது என்பது முக்கியம்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் இருக்கிறது எலப்புள்ளி. பஸ் ஜன்னலுக்கு வெளியே நெல் வயல், வரப்பெல்லாம் பனை, இடையிடையே தென்னந்தோப்பு. நீண்டு வரும் மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில்தான் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடுகிறது. அந்தக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது, கோவை லாரிகள் வருகின்றன, தமிழும் வருகிறது. கேரளத்தின் மற்ற பகுதிகளைப் போல மழை இங்கே கொட்டித் தீர்ப்பதில்லை. 2025 ஜனவரியில் இங்கே ஒரு மதுபான ஆலைக்கு மாநில அமைச்சரவை முதற்கட்ட அனுமதி தந்தபோது, ஊர் கேட்ட முதல் கேள்வி நிலத்தடி நீர் என்னாகும் என்பதுதான். தண்ணீரை எண்ணிச் செலவழிக்கும் பூமி இது.

இரண்டு மொழி புழங்கும் மண்ணில் பூக்களுக்கும் இரட்டைப் பெயர்கள். தமிழ் வீட்டில் பரங்கிப் பூ. அடுத்த வீட்டில் மத்தன் பூ. இங்கே தும்பை, அங்கே தும்ப. கொன்றை என்றாலும் கணிக்கொன்ன என்றாலும் அதே மஞ்சள் சரம். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். மலையாள வகுப்பில் ‘பராகணம்’, தமிழ் வகுப்பில் ‘மகரந்தச்சேர்க்கை’. பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்காக கேரள அரசின் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் தமிழிலேயே பாடநூல்கள் அச்சிடுகிறது. மொழிச் சிறுபான்மையினர் போராடிக் காத்துவரும் உரிமை அது.

ஆனால் எந்த மொழியில் அச்சிட்டாலும் பாடநூலில் வருவது பெரும்பாலும் நெடுக்காக வெட்டிய ஒரு செம்பருத்திதான். குழந்தை அதை வரைந்து, அம்புக்குறி போட்டு, சூலகம், மகரந்தப்பை என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறது. பூ அதோடு முடிந்துவிடுகிறது. வெளிநாட்டுப் படப் புத்தகங்கள் வண்ணத்தில் இன்னும் அழகு. அவற்றில் உருண்டு திரண்ட, உடம்பெல்லாம் ரோமம் வைத்த ஒரு வண்டுத் தேனீ பூவுக்குப் பூ பறக்கும். அந்தத் தேனீ இந்தியாவில் இமயமலைப் பக்கத்துக்காரர். தென்னிந்தியச் சமவெளியில் அதைப் பார்க்க முடியாது. எலப்புள்ளிக் குழந்தை தன் வேலியில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மகரந்தச்சேர்க்கை எங்கோ வெளிநாட்டில் நடக்கும் சங்கதி என்று அது நினைத்துக்கொண்டால் குற்றம் யாருடையது?

இந்த அறிவியலின் தொடக்கமே ஒரு படப் புத்தகம்தான் என்பது பலருக்குத் தெரியாது. பெர்லினை அடுத்த ஸ்பாண்டாவ் நகரில் பள்ளித் தலைவராக இருந்தவர் கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல். பூவின் இதழில் உள்ள கோடுகளும் புள்ளிகளும் வெறும் அலங்காரமல்ல, தேன் இருக்கும் இடத்துக்குப் பூச்சியை அழைத்துப் போகும் வழிகாட்டிகள் என்று கண்டுபிடித்தவர் அவர். தோட்டத்திலும் வயலிலும் மணிக்கணக்காக நின்று பார்த்ததை 25 செப்புத்தகட்டுப் படங்களோடு 1793இல் புத்தகமாக்கினார். அன்று அதை மதித்தவர்கள் குறைவு. மறு ஆண்டே பள்ளிப் பதவியை விட்டு அவர் விலக நேர்ந்தது. டார்வின் எடுத்துப் பேசிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

நம் பக்கத்திலும் இந்த வேலையைச் செய்தவர்கள் உண்டு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1970இலேயே குழந்தைகளுக்காக ‘யுரேகா’ இதழைத் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987இல் வந்தது. சென்னையின் தூலிகா 1996 முதல் பல இந்திய மொழிகளில் படப் புத்தகங்கள் போடுகிறது. ஒரே பக்கத்தில் இரு மொழிகள் வரும் புத்தகங்களும் அதில் உண்டு. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டுக் கொள்ளலாம். எல்லைப் பள்ளிக்கு இது பெரிய வசதி. படம் ஒன்று; அதன் கீழே தமிழும் வரலாம், மலையாளமும் வரலாம். இரண்டு வகுப்பும் ஒரே பூவைப் பார்க்கும்.

எலப்புள்ளிக்கென்று ஒரு புத்தகம் வரைந்தால் அதில் எவை இருக்கும்? முதல் பக்கம் காற்றுக்கு. நெற்பூ காலையில் கொஞ்ச நேரமே திறக்கும். பூச்சியை எதிர்பார்க்காமல் தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும், காற்று கதிரை அசைத்துக் கொடுத்தால் போதும். இரண்டாம் பக்கம் பனைக்கு. அலகுப் பனையில் ஆண் பூ மட்டும், பருவப் பனையில் பெண் பூ மட்டும். நுங்கு ஏன் எல்லாப் பனையிலும் காய்ப்பதில்லை என்ற கேள்விக்குப் பதில் அங்கே கிடைக்கும். அடுத்தது கொன்றை. அந்தப் பூவில் தச்சு வண்டு தொங்கிக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். பிறகு புடலை. பொழுது சாய்ந்த பின் விரியும் வெள்ளைப் பூ. அதன் விருந்தாளி அந்துப்பூச்சி. இருட்டில் வரும் விருந்தாளிக்கு வெள்ளை நிறம்தானே கண்ணில் படும்?

நடுப் பக்கம் மத்தன் பூவுக்கு. விடியற்காலையில் விரியும் அந்தப் பெரிய மஞ்சள் பூ, பள்ளி மணி அடிக்கும் பத்து மணி வாக்கில் சுருங்கத் தொடங்கிவிடும். மதிய வகுப்பில் பாடம் நடத்தும் டீச்சருக்கு அது கிடைக்காது. ஆகவே முதல் நாள் வகுப்பில் படத்தைக் காட்டிவிட்டு, மறுநாள் ஏழு மணிக்கு வேலியருகே குழந்தைகளைக் கூட்ட வேண்டும். வெறும் காம்பில் நிற்பது ஆண் பூ. அடியில் குட்டிப் பிஞ்சோடு நிற்பது பெண் பூ. முதல் நாள் மாலையே ஒரு பெண் மொட்டுக்குக் காகித உறை மாட்டிக் கட்டிவிடலாம்; இன்னொன்றை அப்படியே விடலாம். ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். உறைக்குள் இருந்த பிஞ்சு மஞ்சளாகி உதிரும், தேனீ வந்துபோன பிஞ்சு பருக்கும். ‘மகரந்தச்சேர்க்கை’ என்ற நீண்ட சொல்லுக்கு அதன்பின் மனப்பாடம் தேவையில்லை.

இடுக்கியின் தமிழ்க் குழந்தைகளுக்கு இது வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த பாடம். அம்மா ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கிறார். ஏலப் பூ செடியின் அடியில், தரையை ஒட்டிய சரத்தில் பூக்கும். வெள்ளை இதழில் ஊதா வரிகள். ஸ்ப்ரெங்கல் சொன்ன அதே வழிகாட்டிக் கோடுகள். தேனீ அந்த வழியே வராவிட்டால் காய் இல்லை, காய் இல்லாவிட்டால் கூலி இல்லை. வெனிலாவின் கதை இன்னும் விசேஷம். அதன் சொந்த ஊர் மெக்ஸிகோ. இங்கே அதற்கேற்ற பூச்சி இல்லாததால் மனிதர்தான் பூப்பூவாகக் கையால் தொட்டுவிட வேண்டும். அந்த எளிய கைமுறையை 1841இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மண்ட் ஆல்பியஸ். அப்போது அவர் 12 வயது அடிமைச் சிறுவன். பூவைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டால் ஒரு குழந்தை என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பார்க்காமல் விட்டால் என்ன போகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1991-92இல் ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பெட்டிகளில் வளர்த்த தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. வளர்ப்பவருக்கு நஷ்டம் தெரிந்தது. காய்ப்பு குறைந்த வேலிக்காரருக்குக் காரணம் தெரிந்திருக்குமா? ஓணம் வந்தால் அத்தம் முதல் பத்து நாளும் குழந்தைகள் தும்பையும் முக்குற்றியும் பறித்துப் பூக்களம் போட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது பூக்களத்தின் பெரும்பங்கு செண்டுமல்லிதான். தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் வருகிறது, எடை போட்டு வாங்கலாம். வரப்பில் தும்பை இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டிய அவசியம் எந்தக் குழந்தைக்கும் இல்லை.

பழக்கம் மறுபடி வரக்கூடியதுதான். மாத்ருபூமியின் ‘சீட்’ திட்டத்தோடு சேர்ந்து ‘சீஸன்வாட்ச்’ நடத்தும் மரக் கணக்கெடுப்பில் கேரளப் பள்ளி மாணவர்கள் வாராவாரம் ஒரே மரத்தைப் பார்த்து, மொட்டா, பூவா, காயா என்று குறித்து வைக்கிறார்கள். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை முன்கூட்டியே பூத்தால் அதைத் தேதியோடு சொல்ல அவர்களால் முடியும்.

எலப்புள்ளியில் இதற்கு ஆகும் செலவு: பதினாறு பக்கப் படப் புத்தகம் ஒன்று, ஒரு காகித உறை, கொஞ்சம் நூல், பள்ளி மணிக்கு முன்னால் அரை மணி நேரம். மத்தன் கொடி ஏற்கெனவே வேலியில் இருக்கிறது.