ஒரு கோடு சிக்னல் போதும் பாஸ்!

'கிளவுட்'னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கொடைக்கானல் பக்கம் எங்க பேத்துப்பாறையில அது ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள வந்து, காயப்போட்ட துணியை ஈரமாக்கிட்டுப் போகும். போன செமஸ்டர் லீவுல இன்னொரு கிளவுட் என்னைப் படுத்திய பாட்டைக் கேளுங்க.

காலேஜ் சிம்போசியத்துக்குப் பெயர் பதிவு பண்ற சைட் என் பொறுப்பு. வாடகை சர்வர் இருப்பது சென்னையில் (2015-ல மைக்ரோசாஃப்ட் புனே, மும்பை, சென்னைன்னு கிளவுட் மையங்கள் திறந்துச்சே... அதுல). பதிவுக்குக் கடைசி நாள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபிரெண்ட் போன்... ''டேய், சைட் படுத்துருச்சுடா!''

எங்க வீட்டுல சிக்னல் கிடைக்கிற ஒரே இடம், மொட்டைமாடித் தண்ணி டேங்க். போனை அதன் மேல வெச்சு, லேப்டாப்புக்கு நெட் கொடுத்து, கன்ட்ரோல் பேனலைத் திறந்தா... வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு! படமும் பட்டனுமா அது இறங்கி முடியறதுக்குள்ள விடிஞ்சிடும். கமாண்ட் லைன் அப்படியில்லை. ஒரு எழுத்தைத் தட்டினா போறது ஏறக்குறைய நூறு பைட்தான். எஸ்.எஸ்.ஹெச். போட்டேன், உள்ளே போயாச்சு! (யுனிவர்சிட்டி நெட்வொர்க்குல யாரோ பாஸ்வேர்டு திருடினதால, 1995-ல ஃபின்லாந்துக்காரர் டாட்டு யுலோனன் எழுதினது. மனுஷன் நல்லா இருக்கணும்!)

'டி.எஃப்.' தட்டினா, டிஸ்க் நூறு சதவிகிதம் ஃபுல். நான் கவனிக்காம விட்ட லாக் ஃபைல் வீங்கிக் கிடக்கு. 'ஆர்.எம்.' கொடுத்து அழிச்சேன். மறுபடி பார்த்தா... அதே நூறு! வயித்துல புளி கரைஞ்சுது. அங்கே ரீசைக்கிள் பின் கிடையாது. பசங்க பதிவு பண்ணின பெயர் அத்தனையும் அதே டிஸ்க்குல! வேற எதையாவது அழிச்சுட்டேனா? அப்புறம்தான் உறைச்சுது. ஒரு புரோகிராம் திறந்து வெச்சிருக்கிற ஃபைலை அழிச்சா, பெயர் மட்டும்தான் போகும். புரோகிராம் அதை விடுறவரைக்கும் இடம் காலியாகாது. வெப் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினேன். சைட்டுக்கும் எனக்கும் மூச்சு வந்தது.

கையோட பேக்கப் எடுக்க ஆரம்பிச்சா, சிக்னல் அவுட்! இணைப்பு அறுந்தா, சாதாரணமா ஓடுற வேலையும் பாதியிலயே செத்துடும். முதல் வருஷம் அதுக்காக அழுதிருக்கேன். இந்த முறை 'டிமக்ஸ்'க்குள்ள ஓட விட்டிருந்தேன். அது சர்வர்லயே உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கும், நாம எப்ப வேணா திரும்பிப் போய் ஒட்டிக்கலாம். வேற எதைக் கத்துக்கலைன்னாலும் இதைக் கத்துக்குங்க.

கீழே இருந்து அப்பா, ''தோட்டத்துப் பக்கம் யானை நிக்குதாம், இறங்குடா!''

''அஞ்சு நிமிஷம்ப்பா...''

பத்து நிமிஷம் கழிச்சு ஒரு கோடு எட்டிப் பார்த்துச்சு. 'டிமக்ஸ் அட்டாச்'. பேக்கப் முழுசா முடிஞ்சு, கர்சர் சமர்த்தா கண் சிமிட்டிக்கிட்டு இருந்தது.

திரும்பிப் பார்த்தா, அப்பா டார்ச்சோட படியில நிக்கிறார். தூரத்துல யாரோ வெடி போட்டாங்க.

''உன் சென்னை மிஷின் சரியாயிடுச்சா?''