அவர் எங்க நிண்டு விளையாட வேணும்?

எங்களுக்கு அமெரிக்கன் ஃபுட்போல் அரைகுறையாத்தான் விளங்கும். ரூமில நாலு பேர் ஒரு ஃபோனில பார்த்துப் பழகின விளையாட்டு. ஆனா லமார் ஜாக்சனின் கதைக்கு அது போதும்.

2016இல் அவர் லூயிவில் பல்கலைக்கழக அணியின் குவாட்டர்பேக். பந்தை எறிந்து 3,543 யார் தூரம், தானே ஓடி 1,571 யார். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் அவருக்கே. குவாட்டர்பேக்தான் அணியின் மூளை. பந்து யாரிடம் போகவேணும் எண்டு சில செக்கன்களுக்குள் முடிவெடுக்கிறவர்.

அப்படியிருந்தும், தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் 2018 டிராஃப்டுக்கு முன், பில் போலியன் போன்ற அனுபவசாலிகள் இவர் ரிசீவராகப் போகலாம் என்றார்கள். அதாவது, எறியிறதை விட்டுட்டு இன்னொருவர் எறிவதை ஓடிப்பிடிக்கட்டாம். வேகமா ஓடத் தெரிஞ்சதே குற்றமாப் போச்சு! கறுப்பினக் குவாட்டர்பேக்குகளுக்கு இது பழைய கதை. 1978இல் இடம் மாற மறுத்த வாரன் மூனை ஒரு அணியும் எடுக்கவில்லை. அவர் கனடாவுக்குப் போய் விளையாடினார்.

ஜாக்சனும் மறுத்தார். ரிசீவர் பயிற்சியும் இல்லை, 40 யார் ஓட்டமும் இல்லை.

"அணிக்குத் தேவையானதைச் செய்யிறவன்தானே நல்ல வீரன்?" எண்டு எங்களில ஒருத்தன் சண்டைக்கு வந்தான். சரி, ஆனா கோச்சும் மாறலாமே? பால்டிமோர் அவரை முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32ஆவதாக எடுத்தது. பிறகு அவருடைய ஓட்டத்தைச் சுற்றியே தாக்குதலை அமைத்தது. 2019இல் லீக்கின் பெறுமதிமிக்க வீரர் விருதுக்கு வாக்களித்த 50 பேரும் அவரையே தெரிந்தார்கள்.

நண்பன் இன்னும் ஒப்புக்கொள்ளேல்லை. சூப்பர் போல் வெல்லட்டும் பாப்பம் எண்டுறான்.