பின்னால் இருந்து பாடியவர்

நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் பழைய படம் எதைப் பார்த்தாலும் என் கண் அவரைத் தாண்டி, பாட்டுக்காரர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. அங்கே அவருடைய அம்மா ஜெயம்மாள் இருக்கிறாரா என்று தேடுவேன். மகள் ஆட, அம்மா பாடிய கச்சேரிகள் எத்தனையோ.

அபிநயப் பாட்டான பதத்துக்குப் பாடுவது லேசான வேலை இல்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். ஆடுகிறவள் அதே வரிக்கு ஒருமுறை கோபத்தைக் காட்டுவாள், ஒருமுறை ஏக்கத்தை, இன்னொருமுறை பொய்க்கோபத்தை. அவள் நிமிரும்போது பாட்டும் நிமிர வேண்டும். அவள் தளர்ந்தால் சங்கதியும் தணிய வேண்டும். அவள் மனசில் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த வரிக்குப் போகாமல் காத்திருக்க வேண்டும். பெற்ற பெண்ணுக்காக ஒரு தாய் இப்படிக் காத்திருந்து பாடினாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

அவர்களுடையது வீணை தனம்மாளின் வீடு. ஜெயம்மாள் அவருடைய மகள். வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வாசிக்க, சங்கீதம் தெரிந்த பெரியவர்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்பார்கள். பிருந்தா, முக்தா இருவரும் பாலாவுக்குச் சித்தி பெண்கள். தம்பிகளில் ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல்.

அப்பேர்ப்பட்ட வீட்டிலும் நாட்டியம் என்றதும் தயக்கம் வந்தது. தனம்மாளின் பாட்டி காமாட்சி தஞ்சாவூர் அரண்மனையில் ஆடியவர்தான். ஆனால் தேவதாசி மரபுக்கு எதிரான குரல் ஓங்கிவிட்ட 1920-களில், பெண்ணை ஆட விடுவது ஊர் வாயில் போய் விழுவதற்குச் சமம். மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆட்டத்தைப் பார்த்துக் குழந்தை பாலாவுக்கு ஆசை வந்தது. உறவுக்குள் எதிர்ப்பு. ஜெயம்மாள் அசையவில்லை, நட்டுவனார் கந்தப்பப் பிள்ளையிடம் கொண்டுபோய் விட்டார். 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம்.

எங்கள் வீட்டில் பாட்டுக்கு எதிர்ப்பே கிடையாது. பெரியம்மாவுக்கு நல்ல சாரீரம். கொலு வந்தால், “ஒரு பாட்டுப் பாடேன்” என்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காம்போதியை எடுப்பார். அதற்குள் சுண்டல் கிண்ணம் கை மாறும், வாசலில் யாரோ செருப்பைத் தேடுவார்கள், “உப்பு கொஞ்சம் தூக்கலோ?” என்று ஒரு குரல் வரும். பாடி முடித்ததும் “பேஷ்!” என்பார்கள். எந்த இடத்தில் ராகம் திரும்பியது, எங்கே அவர் குரல் கொஞ்சம் தடுமாறி மறுபடி பிடித்தது என்று கேட்ட காது ஒன்றுகூட அங்கே இல்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவராகவே பாடுவதைக் குறைத்துக்கொண்டார், பிறகு விட்டுவிட்டார்.

இன்று பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்ப யாரும் அஞ்சுவதில்லை. மண்டபம் பிடித்து, நகை வாங்கி, அரங்கேற்றத்தைக் கல்யாணம் மாதிரி நடத்துகிறார்கள். பிளஸ் டூ வந்ததும் சலங்கை பரணுக்குப் போய்விடுகிறது. அந்தச் செலவில் எனக்குக் குறையில்லை. சாயங்காலம் பெண் பயிற்சி செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “அந்த இடத்தை இன்னொரு தடவை செய்” என்று சொல்ல வீட்டில் ஒரு ஆள் இல்லையே என்றுதான் ஆதங்கம்.

1973-ல் மியூசிக் அகாதமி பாலாவுக்கு சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. பாடுகிறவர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் போகிற பட்டம் அது. நாட்டியம் ஆடுகிறவருக்கு அது போனதில் எனக்கு வியப்பே இல்லை. அம்மாவின் குரலுக்கு ஆடி வளர்ந்தவர், ஆடிக்கொண்டே தானும் பாடியவர். எங்கே பாட்டு முடிந்து ஆட்டம் தொடங்குகிறது என்று அவரிடம் யார் கோடு கிழிக்க முடியும்?